மாலி மேஜிக்: திம்புக்டு சுவடிகள வீட்லேர்ந்தே பாக்கலாம், ஆனா படிக்க?

கூகுளோட கலை, பண்பாட்டு இணையதளமான கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல மாலி மேஜிக்னு ஒரு பகுதி இருக்கு, 2022 மார்ச்ல வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுல இருக்கற பழைய ஊரு திம்புக்டுவோட அரபிக் கையெழுத்துச் சுவடிகள் 40,000 பக்கத்துக்கு மேல ஸ்கேன் பண்ணி போட்ருக்காங்க, எல்லாம் இலவசம். பழைய அரபிக் சுவடின்னா என்னன்னே தெரியாத ஒருத்தர உள்ள இழுத்துட்டு வர இதவிட நல்ல இடம் நான் பாக்கல.

ஸ்கேன் தரம் அருமை. ஜூம் பண்ணா ஓரத்துல யாரோ எழுதி வச்ச குறிப்பு, சிவப்பு மசில எழுதின வார்த்தைங்க, பூச்சி அரிச்ச ஓட்டை வரைக்கும் தெளிவா தெரியுது. அந்த ஊர்ப் பக்கத்து சுவடிகள் நெறைய தைக்காம தனித்தனி தாளா தோல் உறைக்குள்ள வச்சிருப்பாங்க, அதனால ஒரு தாள் தொலஞ்சா தொலஞ்சதுதான், அத நெனச்சிட்டே பாத்தா ஒவ்வொரு பக்கமும் பெருசா தெரியுது.

மீட்டு கொண்டு போன கதையும் நல்லா சொல்லிருக்காங்க. 2012ல ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவப் புடிச்சப்ப அந்த ஊர் நூலகர் அப்தெல் காதர் ஹைதாராவும் அவர் கூட இருந்தவங்களும் சுவடிகள இரும்புப் பெட்டில அடைச்சு கழுத வண்டிலயும், நைஜர் ஆத்துல படகுலயும் மாலியோட தலைநகர் பமாகோவுக்கு கடத்துனாங்க, லட்சக்கணக்குல. 2013 ஜனவரில திம்புக்டுவுல சுவடிகள வச்சிருந்த அகமது பாபா நிறுவனத்துல தீ வச்சதும் எல்லாமே சாம்பலாயிடுச்சுன்னு உலகம் முழுக்க செய்தி போச்சு, அப்பறம்தான் எரிஞ்சது சுமார் 4,000, மிச்சம் பெரும்பாலும் பத்திரமா இருக்குன்னு தெரிய வந்துச்சு.

எனக்கு குறையா படறது இங்கதான். தீ வச்சாங்க, காப்பாத்துனாங்க, இதத்தான் பத்திரிகையும் டிவியும் அன்னிலேர்ந்து சொல்லிட்டு இருக்கு, மாலி மேஜிக்கும் அதுலதான் ரொம்ப நேரம் நிக்குது. உள்ள என்ன எழுதிருக்கு? சட்டம், வானியல், மருத்துவம், வியாபாரக் கடிதம்னு என்னென்னமோ இருக்கு, அரபு எழுத்துலயே எழுதின உள்ளூர் மொழிங்க கூட இருக்கு. சில கட்டுரைங்க அதத் தொடுது, நல்லாவும் இருக்கு, ஆனா பெரும்பாலான பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு கிடையாது, அரபி தெரியாதவங்க அழகான எழுத்த பாத்துட்டு கடந்து போக வேண்டியதுதான். ஒரு வைத்தியக் குறிப்பையோ ஒரு கடன் பத்திரத்தையோ எடுத்து வரிவரியா விளக்கி ஒரு சின்ன வீடியோ போட்டாலே எத்தன பேர் உக்காந்து பாப்பாங்க! இந்த வேலைய மீடியாதான் செய்யணும், நூலகத்தால மட்டும் முடியாது.

இசை, மசூதி பக்கமெல்லாம் இருக்கு, நல்லாத்தான் இருக்கு, நான் சுவடிக்காகத்தான் போனேன்.

ஆராய்ச்சி பண்றவங்க, ஒரு சுவடிய மொதல் தாள்லேர்ந்து கடைசி வரை பாக்கணும்னு நெனைக்கறவங்க, அமெரிக்காவுல மினசோட்டால 1965லேர்ந்து சுவடிகள படம் புடிச்சு சேத்துட்டு வர ஹில் நூலகத்தோட ஆன்லைன் வாசிப்பறைக்கு போங்க. அங்க அக்கவுண்ட் ஓபன் பண்ணணும், அதுவும் இலவசம்தான், கதை சொல்ல மாட்டாங்க ஆனா கேட்டலாக் விவரம் நல்லா இருக்கும். புதுசா வர்றவங்க மாலி மேஜிக்லேர்ந்தே ஆரம்பிங்க, அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.