பிள்ளைகளோடு நடக்க ஜோஷுவா ட்ரீயா, டெத் வேலியா?

கலிஃபோர்னியாவின் இந்த இரண்டு பாலைவனங்களும் 1994-ல்தான் தேசியப் பூங்கா ஆயின, மற்றபடி ஒற்றுமை குறைவு. சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு ஜோஷுவா ட்ரீக்குத்தான். ஹிடன் வேலி சுற்றுப்பாதை சுமார் 1.6 கிலோமீட்டர், வழியெல்லாம் பாறை, ஏறி இறங்கியே பொழுது போய்விடும். சோய்யா கள்ளித் தோட்டத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், லேசாக உரசினாலே முள்ளோடு ஒரு துண்டு கழன்று சட்டையில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கச் சீப்புதான் சரி. தண்ணீரைப் பூங்காவுக்கு வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

டெத் வேலி பிரமாண்டம். பேட்வாட்டரில், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, உப்புத் தரையில் நடக்கலாம். ஆனால் இடத்துக்கு இடம் கார்ப் பயணம் நீளம், பின் சீட்டில் சண்டை நிச்சயம். கோடையில் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்காதீர்கள் என்று பூங்காவே சொல்கிறது. டிசம்பர், ஜனவரியில் கதை வேறு: அப்போது டெத் வேலிதான் இதம், உயரத்தில் இருக்கும் ஜோஷுவா ட்ரீயில் ராத்திரி பல் கிட்டும்.