ஸ்டெம் செல் ஊசியா, தினசரி தெரபியா?

பையனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் இந்த இரண்டில் எதற்குப் போவது என்று வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. கடைசியில் தெரபிக்குத்தான் போனோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல். அதை உடலில் ஏற்றினால் மூளையில் இருக்கும் அழற்சியைத் தணிக்கும் என்பது ஸ்டெம் செல் தரப்பு வாதம். ஆராய்ந்து பார்க்க வேண்டிய யோசனைதான், ஆராய்ந்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 25 குழந்தைகளுக்கு, ஸ்டெம் செல் உள்ள அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றினார்கள். 2017இல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது, ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அப்புறம் 180 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வெறும் திரவத்தை ஏற்றி, யாருக்கு எது என்று பெற்றோருக்கே தெரியாமல் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. சமூகத் தொடர்பில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் வரவில்லை. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளிடம் மட்டும் தகவல்தொடர்பில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது.

தொப்புள்கொடி ரத்தத்துக்குப் பதிலாக எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துப் போடும் இடங்களும் உண்டு. அங்கே மஜ்ஜை எடுக்க மயக்க மருந்து, முதுகுத்தண்டில் ஊசி, தொற்று பயம், இதெல்லாம் தெரிந்ததுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. ஊசி போடும் இடங்களிலும் 'ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) இரண்டையும் விட்டுவிடாதீர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் ஊசி போட்டாலும் தினமும் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு மல்லுக்கட்டும் வேலை நமக்குக் குறையப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து அவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்றால் அது ஊசியாலா, தெரபியாலா, வயது கூடியதாலா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் பேர் மட்டும் ஊசிக்குப் போய்விடும். முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொரு டோஸ் போடலாம் என்பார்கள்.

தெரபியில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். சோப்புக் குமிழி ஊதிவிட்டு மூடியை மூடி, பேசாமல் காத்திருக்க வேண்டும். முதலில் பாட்டிலைப் பிடுங்குவான், அப்புறம் நம் கையில் வைத்துத் தள்ளுவான், ஒரு நாள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான், உடனே ஊத வேண்டும். விளையாடும்போது எடுத்த வீடியோவைத் தெரபிஸ்ட் அங்கங்கே நிறுத்திக் காட்டினால்தான், அந்த அரை நொடிப் பார்வை எத்தனை தடவை நம்மைக் கடந்து போகிறது என்று புரியும். இதே முறையில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து பிரிட்டனில் 152 குழந்தைகளோடு நடந்த பேக்ட் (PACT) என்ற ஆய்வில், 2010இல் அறிகுறிகள் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. சில வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது குறைந்திருந்தது. மொழித்திறனில் அந்த அளவுக்கு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தெரபி மெதுவாகத்தான் போகும், சில வாரங்கள் ஒன்றுமே நகராது, வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு தட்டும்.

பேச்சே வராத பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, எங்கள் பையன் சின்னவன்.

ஸ்டெம் செல்தான் வேண்டும் என்றால், பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வாகப் பார்த்துச் சேருங்கள். ஒப்பீட்டுக் குழு உண்டா என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணமும் கட்டச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.