நாணயமா, லென்ஸா: வாங்கி விற்றவனின் கணக்கு

நான்கு ஆண்டுகளாகப் பழைய பொருட்களை இணையத்தில் வாங்கி இணையத்திலேயே விற்று வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நாணயங்களும் தபால்தலைகளும். பிறகு பிலிம் காலத்துக் கேமராக்கள், குறிப்பாக அவற்றின் லென்ஸ்கள். புதிதாக இறங்க நினைப்பவர்கள் இரண்டில் எது என்று கேட்டால், லென்ஸ் என்று உடனே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாளன் வேடம் எனக்குப் பொருந்தாது. நாணயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்; அந்தத் தழும்பு கீழே ஆங்காங்கே தெரியும்.

பார்த்தவுடன் தோன்றும் கணக்கில் நாணயம்தான் முன்னால் நிற்கும். இடத்தை அடைக்காது, ஓர் இழுப்பறைக்குள் ஒரு கடையையே வைத்துக்கொள்ளலாம். அனுப்பத் தடித்த உறை ஒன்று போதும். லென்ஸுக்குப் பெட்டி, பபிள் உறை, கூடுதல் கூரியர் செலவு என்று வரிசையாக வரும். விற்பனைத் தளங்கள் எடுக்கும் கமிஷனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. லாப விகிதமும் காகிதத்தில் நாணயத்துக்கே அதிகம்: நூறு போட்டால் முந்நூறு கிடைத்த நாட்கள் எனக்கும் உண்டு. லென்ஸில் நூறுக்கு நூற்றைம்பது, நூற்றெழுபது என்றால் நல்ல வியாபாரம். ஆனால் அந்த முந்நூறு வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆனது. நூற்றைம்பது பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடுகிறது, மறுபடியும் முதலாகிவிடுகிறது.

ஏன் அவ்வளவு தாமதம் என்பதை ஒரே ஒரு நாணயம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஒரு தகர டப்பா நிறையக் கலவையாக நாணயங்கள் விற்பனைக்கு வந்தன. மொத்தமாக வாங்கிக் கொட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் செம்பும் நிக்கலும். நடுவே அகலமான வெள்ளி நாணயம் ஒன்று. ஒரு பக்கம் முக்காடிட்ட பெண்மணி, மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, ஆண்டு 1780. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசாவின் தாலர். இருநூற்று நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி என் உள்ளங்கையில் இருக்கிறது என்று நினைத்து அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. தராசில் வைத்தேன். ஏறக்குறைய 28 கிராம், இருக்க வேண்டிய எடை. காந்தம் ஒட்டவில்லை. “1780ஆம் ஆண்டு வெள்ளி நாணயம், அசல்” என்று தலைப்பிட்டு விற்றும்விட்டேன்.

பத்து நாளில் வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது. “ஐயா, நாணயத்தில் 1780 என்று இருப்பது உண்மை. அதை அடித்தது எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் விழுந்த பள்ளத்தின் ஆழம் தெரிந்தது. மரியா தெரேசா 1780இல் இறந்துவிட்டார். செங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் வணிகர்கள் அந்த நாணயத்தை அவ்வளவு நம்பியதால், அவர் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமா? ரோம், லண்டன், பாரிஸ், பர்மிங்காம், பம்பாய் என்று பல ஊர்களில். எது எங்கே அடித்தது என்பதை மார்பணியில் உள்ள முத்துகளையும் கழுகின் வால் இறகுகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. தளம் வாங்கியவர் பக்கம் நின்றது. பணம் திரும்பிப் போனது. இருவழி அஞ்சல் செலவும் என் தலையில். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளி என்று நிரூபித்திருந்தேன், எடையை நிரூபித்திருந்தேன். அவர் காசு கொடுத்தது வயதுக்கு. அது என் தராசில் ஏறாது.

என் வியாபாரத்தையே மாற்றியது இந்த நிரூபணச் சிக்கல்தான். நாணயமும் தபால்தலையும் தமக்காகத் தாமே சாட்சி சொல்லாது. விற்பவன் சொல்வதை வாங்குபவர் நம்ப வேண்டும், அல்லது இருவரும் நம்பும் மூன்றாவது ஆள் வேண்டும். அப்படி மூன்றாவது ஆளாக இருப்பதற்கென்றே நிறுவனங்கள் வந்தன: 1986இல் பி.சி.ஜி.எஸ்., மறு ஆண்டு என்.ஜி.சி. நாணய அறிஞர் வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பெரிய சென்ட் நாணயங்களுக்கென வகுத்த ஒன்று முதல் எழுபது வரையான அளவுகோலை எடுத்துக்கொண்டு, நாணயத்தை ஆராய்ந்து எண் கொடுத்து பிளாஸ்டிக் பேழையில் மூடி அனுப்புவார்கள். அந்த எண்ணில் ஒன்று கூடினாலே சில நாணயங்களின் விலை எங்கேயோ போய்விடும். 64க்கும் 65க்கும் உள்ள வேறுபாட்டை என் கண்ணால் சொல்ல முடியாது.

நல்ல ஏற்பாடுதான், விலை உயர்ந்த நாணயத்துக்கு. என்னைப் போன்ற சிறு வியாபாரியின் கையில் வருவது நூறு இருநூறு பெறுமானச் சரக்கு. சான்றுக் கட்டணம், போகவர காப்பீட்டுடன் அஞ்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் நாணயத்தின் விலையையே தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதற்கு மேல் அந்தப் பேழைகளிலேயே போலி வந்துவிட்டது என்பது தனிக் கதை.

தபால்தலையிலும் இதே கதைதான். 1840இல் வெளிவந்த, உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் என்றாலே புதையல் என்று நினைப்பவர்கள் பலர். ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்கள். விலை ஓரங்களிலும் முத்திரையிலும் நிலையிலும் இருக்கிறது. பயன்படுத்தாத பழைய தலையில் பின்பக்கப் பசை பழையதா, பிறகு யாரோ தடவியதா என்ற ஒரே கேள்வியில் விலை தலைகீழாகும். பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் மட்டும் யார் நம்புகிறார்கள்?

பொருளாதாரத்தில் இது தெரிந்த சங்கதி. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் ஏகர்லோஃப் 1970இல் எழுதிய கட்டுரை, அவருக்கு 2001இல் கிடைத்த நோபல் பரிசுக்குக் காரணமான ஆய்வுகளில் ஒன்று. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே ஒரு விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவன் விற்க மாட்டான். சந்தையில் கெட்டதே மிஞ்சும். என் நாணயங்களுக்கு வந்த விலைகளெல்லாம் அந்த நடுவிலைகள்தான்.

லென்ஸில் இந்தக் கட்டு அவிழ்கிறது. ஒரு பழைய லென்ஸை விற்க நான் எடுக்கும் படம் நாற்பது விநாடி ஓடும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடிக்கிறேன். கண்ணாடிக்குள் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோல் தெரியும். புகைமூட்டம் இருந்தால் ஒளி பால்போல் கலங்கும். பிறகு ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் வளையத்தைத் திருப்புகிறேன்: உள்ளிருக்கும் உலோக இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும், அவற்றில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, நடுவில் பிடிக்காமல், சுற்றிக் காட்டுகிறேன். கடைசியாக அந்த லென்ஸில் எடுத்த நான்கு படங்கள். அவ்வளவுதான். வாங்கியவர் பார்சலைப் பிரித்துத் தன் கேமராவில் மாட்டிப் பத்து நிமிடத்தில் நான் சொன்னது சரியா என்று தானே பார்த்துக்கொள்வார். மூன்றாவது ஆள் தேவையில்லை.

கொள்முதலில் இதன் பலன் இன்னும் பெரியது. வீட்டைக் காலி செய்பவர்கள் போடும் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி வரும்: “வேலை செய்கிறதா என்று தெரியாது.” என் லாபத்தில் பெரும்பகுதி அந்த வரியிலிருந்துதான் வருகிறது. அவர்களிடம் அந்த லென்ஸை மாட்டிப் பார்க்கக் கேமரா இல்லை, அதனால் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிடுகிறார்கள். நான் டார்ச் அடித்துப் பார்த்து “வேலை செய்கிறது, இதோ பாருங்கள்” என்று எழுதும்போது விலை ஏறுகிறது. அப்படி வாங்குவதில் ஐந்தில் ஒன்று குப்பைதான். அதையும் கணக்கில் சேர்த்தே விலை கேட்க வேண்டும். நாணயத்தில் இதே சந்தேக வரியை வைத்து வாங்கினால், அந்தச் சந்தேகத்தை நானும் தீர்க்க முடியாமல் அடுத்தவருக்கு அப்படியே கைமாற்றிக்கொண்டிருப்பேன்.

கை வைக்கலாமா என்பதிலும் இரண்டும் எதிரெதிர். நாணயத்தைத் துலக்கினால் மதிப்பு போய்விடும். கறுத்த மேற்பரப்பே அதன் சாட்சி. தெரியாத காலத்தில் இரண்டைப் பளபளவென்று தேய்த்து முதலுக்கே மோசம் செய்திருக்கிறேன். லென்ஸில் உழைப்புக்குக் கூலி உண்டு. பழைய சூப்பர் டாகுமார் 50 மி.மீ. லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உள்ள வகை ஒன்று உண்டு. நாளாக ஆக அது தேநீர் நிறத்துக்குப் பழுப்பாகிவிடும். பலர் கெட்டுப்போனது என்று கழித்துக்கட்டுவார்கள். புற ஊதா விளக்கின் அடியில் சில நாள் வைத்தால் பழுப்பு பெரும்பாலும் விலகிவிடும். அப்படி ஒன்றை ஐந்து நாள் வைத்து, தினமும் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, ஐந்து படங்களையும் வரிசையாகப் போட்டேன். அன்று மாலையே விற்றுப்போய்விட்டது.

பழைய லென்ஸை யார் வாங்குகிறார்கள் என்றால், உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள். கண்ணாடி மடங்கும் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருந்தார்கள். லென்ஸைத் திருகி மாட்டும் எம்42 வகையில் அது 45.46 மி.மீ. சோனி மிரர்லெஸ் கேமராக்களின் ஈ வகை மவுண்ட்டில் (லென்ஸ் பொருத்தும் வாயில்) 18 மி.மீ. மட்டுமே. மிச்ச இடத்தில் ஓர் உலோக வளையத்தைப் பொருத்தினால் ஐம்பது வயது லென்ஸ் புதிய கேமராவில் உட்கார்ந்துவிடும். 2008இல் மிரர்லெஸ் கேமராக்கள் வரத் தொடங்கிய பிறகு, அலமாரியில் கிடந்தவற்றுக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44 லென்ஸைப் பின்னணி சுழல்வதுபோல் விழும் என்பதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

கேமராவின் உடலை அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை தார்போல் உருகியிருந்தால் மாற்றிவிடலாம், ஆனால் ஷட்டர் வேகம் சரியாக இருக்கிறது என்பதை நாற்பது விநாடியில் காட்ட முடியாது. பிலிம் போட்டு, கழுவிப் பார்க்க வேண்டும். 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000 போல ஷட்டர் முழுக்க இயந்திர வகையில் ஓடுபவற்றை மட்டும் தொடுகிறேன். உள்ளே மின்சுற்று நிறைந்தவற்றை, எவ்வளவு மலிவாக வந்தாலும், விட்டுவிடுகிறேன்.

லென்ஸிலும் அடி வாங்கியிருக்கிறேன். ஒன்று எப்போதோ கீழே விழுந்து உள்ளே அச்சு விலகியிருந்தது. படத்தின் இடது ஓரம் மட்டும் மங்கல். டார்ச்சில் இது தெரியாது. வாங்கியவர் கண்டுபிடித்தார், திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுத்த படமும் சேர்ந்துகொண்டது. நான்கு மூலை எழுத்துகளும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

குறையை மறைக்காமல் எழுதினால் விற்காது என்ற பயம் தேவையற்றது. 1995இல் பியர் ஓமிடியார் தொடங்கிய, பிறகு ஈபே ஆன தளத்தில் விற்ற முதல் பொருளே பழுதான லேசர் பாயின்டர்தான், 14.83 டாலருக்கு. பழுது என்று தெரியுமா என்று அவர் கேட்டபோது, அப்படிப்பட்டவற்றைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். பூஞ்சை பிடித்த லென்ஸைக்கூட உதிரிப் பாகத்துக்கு என்று எழுதி விற்றிருக்கிறேன். அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமலிருந்தால் சரி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் மூடிய பெட்டி, சிலிக்கா ஜெல், பராமரிப்பு அவ்வளவே. நாணயத்தைப் பி.வி.சி. உறையில் மட்டும் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

காத்திருந்தால் சேகரிப்புப் பொருளின் விலை ஏறிக்கொண்டே போகும் என்பார்கள். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா, உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் தபால்தலை. 2014 ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போனது, 2021இல் 83 லட்சத்துக்கு. அதற்கே அந்தக் கதி.

இருந்தாலும் நான் பார்த்தது நான்கே ஆண்டு. பத்து, இருபது ஆண்டு ஒரே வகை நாணயத்தைப் படித்துக் கண்ணைப் பழக்கியவர்கள், நான் தொலைத்த இடத்திலேயே சம்பாதிக்கிறார்கள். தகர டப்பாக்களில் அவர்கள் பார்ப்பது எனக்குத் தெரியாது. பழைய லென்ஸ் மோகம் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதற்கும் நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் எதையும் கையில் வைத்திருப்பதில்லை.

தாலர் மட்டும் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. இப்போது “1780 என்று பொறித்த மறு அச்சு” என்று தெளிவாக எழுதி, வெள்ளியின் எடைக்கு விலை போட்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் விசாரித்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: எந்த நாணயச்சாலை?