தார் போனது, கிரவல் போகவில்லை: வவுனியாவில் ஒரு விஞ்ஞான வளாகத்தின் புதுச்சோலை

வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு விஞ்ஞான வளாகம். ஆய்வுகூடக் கட்டடங்களுக்கு நடுவே அரை ஏக்கர் வாகனத் தரிப்பிடம் இருந்தது. இப்போது அது சோலை. வரைபடம், நிலவேலை, நடுகை, ஓராண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுத்தது வெளியூர் நிறுவனம் ஒன்று. இரண்டு மாரியும் ஒரு சோழகமும் (தென்மேற்குக் காற்றடிக்கும் வறண்ட காலம்) கடந்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே பிழையைப் பலரும் செய்கிறார்கள்.

முதலில் நல்லது. பாதைகளை அளவுகோல் வைத்துக் கீறவில்லை. விடுதியிலிருந்து நூலகத்துக்கு மாணவர் நடந்து நடந்து விழுந்த தடத்திலேயே இன்டர்லொக் கல் பதித்திருக்கிறார்கள். அதனால் பாத்திகளை யாரும் மிதிப்பதில்லை. மழைநீர்க் கணக்கும் சரி. 600 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 30,000 லீற்றர் வரும். 100 சதுர மீற்றர் பரப்பில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டிய மழைப்பள்ளம் அதை அப்படியே பிடிக்கும். மிஞ்சுவது வாய்க்கால் வழியே குளத்துக்குப் போகும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் ஊரில் இந்த ஏற்பாடு அவசியம். ஆய்வுகூடக் கழுநீர்க் குழாயைப் பள்ளத்தோடு சேர்க்காமல் விட்டதற்கும் ஒரு சபாஷ்.

ஆனால் பள்ளம் வற்றவில்லை. நல்ல மழைப்பள்ளம் இரண்டு நாளில் காய வேண்டும். இது ஒரு வாரத்துக்கு மேல் நின்று நுளம்பு வளர்த்தது. காரணம் வரைபடத்தில் இல்லை, நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

தரிப்பிடம் என்றால் மேலே ஐந்து சென்ரிமீற்றர் தார். அதன் கீழே உருளை போட்டு இறுக்கிய கல்லும் கிரவலும். அதற்கும் கீழே வண்டிப் பாரத்தில் இறுகிய மண். இவர்கள் பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தால் தாரை மட்டும் உரித்து ஏற்றிவிட்டு, கிரவலின் மேல் 15 சென்ரிமீற்றர் செம்மண் பரப்பிப் புல் பதித்தார்கள். மரத்துக்கு ஒரு மீற்றர் குழி. இறுகிய கிரவலில் வெட்டிய குழி மண்சட்டி மாதிரித்தான்: மாரியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்; சோழகத்தில் அந்தச் சட்டி மண் மட்டும் காய்ந்து வெடிக்கும். பட்டுப்போன கன்றுகளில் இரண்டைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் குழிச்சுவரைத் தாண்டவே இல்லை, சுருண்டு கிடக்கிறது.

செய்திருக்க வேண்டிய முறை இது. கிரவலை முழுதாக எடுத்து, அடிமண்ணை 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிளற வேண்டும். அதையும் ஓகஸ்ட், செப்ரெம்பரில், மண் காய்ந்து நொறுங்கும்போது. ஈரத்தில் கிளறினால் பெக்கோவின் வாளி மண்ணைப் பூசி மெழுகிவிடும். பிறகு 30 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு குழி வெட்டி, இரவு நீர் நிரப்பி வற்றவிட்டு, காலையில் திரும்ப நிரப்பிப் பாருங்கள். மணிக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர்கூட இறங்காவிட்டால் அங்கே மரம் வைக்காதீர்கள். தனிக் குழிகளுக்குப் பதிலாக ஒன்றரை மீற்றர் அகலம், 90 சென்ரிமீற்றர் ஆழம், 20 மீற்றர் நீளத்தில் ஒரே அகழி வெட்டினால் 27 கன மீற்றர் மண் கிடைக்கும். ஏறத்தாழ ஒன்பதரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று மரம் அதைப் பகிர்ந்து வேர் விடும். மண்ணை வெளியிலிருந்து ஏற்றுவதானால் சுரங்கப் பணியக அனுமதிப்பத்திரத்தை வேலைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். குளத்து வண்டல் அருமையான மண்தான், ஆனால் கேட்காமல் அள்ளக்கூடாது. ஒயில் ஊறிக் கறுத்த திட்டுகளை 30 சென்ரிமீற்றராவது வெட்டி அகற்றுவது தனி வேலை. அது ஒப்பந்தத்திலேயே இல்லை.

தாவரத் தெரிவு பாதி சரி. வேம்பு, மருது, பூவரசு மூன்றும் நின்று பிடித்துவிட்டன. மருதை மழைப்பள்ள விளிம்பில் வைத்தது விவரம் தெரிந்த கை. பாலையும் முதிரையும் ஒன்றுகூட இல்லை. வளர மெத்தனம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வன்னியில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்குப் பாலைமரத்தைக் காட்ட வளாகத்தில் ஒரு பாலை வேண்டாமா? பதிலுக்கு மலேசியன் புல்லும் எக்சோராவும். அந்தப் புல் நிழலும் ஈரமும் கேட்கும், யூலையில் வைக்கோலாகிவிட்டது. வெயில் இடத்துக்கு அறுகு போதும். எக்சோரா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது: கொங்கிறீட் உடைசல் கலந்த மண்ணில் காரம் ஏறி, இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாத நிலை. இரும்பு தெளித்தால் ஒரு மாதம் தெளியும், திரும்பவும் மஞ்சள்தான்.

சொட்டு நீர்க் குழாயும் பாதியில் அடைத்துவிட்டது. இங்கத்தைய கிணற்று நீர் கேத்திலில் படிக்கும் வெள்ளைப் படையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 120 மெஷ் வடிகட்டி துகளைப் பிடிக்கும், நீரில் கரைந்த சுண்ணத்தைப் பிடிக்காது; அதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை குழாய் நுனியைத் திறந்து கழுவிவிட வேண்டும். மரத்துக்கு மணிக்கு நான்கு லீற்றர் விடும் சொட்டான்கள் இரண்டு, வாரத்தில் இரு நாள், இரண்டரை மணிநேரம்: ஒரு தடவைக்கு 20 லீற்றர். மரம் வளர வளரச் சொட்டானை அடிமரத்திலிருந்து வெளியே நகர்த்துங்கள். ஈரம் காக்க மண்ணின் மேல் பரப்பும் மூடுபடை எட்டுச் சென்ரிமீற்றர் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் கறையான் வரும், இங்கே வந்தும்விட்டது.

வானிலை அவதான நிலையத்துக்குப் பக்கத்தில் வேம்பு வரிசை வைத்ததை என்னவென்று சொல்வது? காற்றுமானி தடையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி நிற்க வேண்டும். மரம் எட்டு மீற்றர் வளர்ந்தால் 80 மீற்றர். இப்போதே பிடுங்கி வேறிடம் வைப்பது மலிவு.

வேலி இல்லாத வடக்குப் பக்கத்தால் கட்டாக்காலி மாடுகள் புகுந்து பூவரசின் கொழுந்தை முடித்தன. உயிர்வேலியாகக் கிளுவை நட்டிருந்தால் செலவு சொற்பம்.

இந்த நிறுவனத்தை அமர்த்தலாமா? வரைபடத்துக்கு, ஆம். நிலவேலையை உள்ளூரில் தனியே கொடுத்து, நீர் இறங்கும் சோதனை முடிந்த பிறகே நடுகைக்கு விடுங்கள். பராமரிப்பை இரண்டு சோழகம் வரை நீட்டி, கடைசிக் கொடுப்பனவை அதுவரை பிடித்து வையுங்கள். ஏற்கெனவே நட்டு மாட்டிக்கொண்டவர்கள், தண்டிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிச் சுற்றிவர அலவாங்கால் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளை போட்டு, கூட்டெருவும் மணலும் பாதிக்குப் பாதி நிரப்பிப் பார்க்கலாம். கிரவல் படையைத் துளைத்துக்கொண்டு போனால்தான் பலன்; நடுவில் நின்றால் இன்னொரு சட்டி.