வீடு நிஜம், ஓனர் பொய்: வாடகை மோசடியில் எந்தச் சோதனை எதைக் காட்டும்?

இணையத்தில் நடக்கும் வாடகை மோசடி பலவற்றில் வீடு நிஜமாகவே இருக்கும். தெரு நிஜம், கதவு எண் நிஜம், படங்களும் அந்த வீட்டில் எடுத்தவைதான். விளம்பரம் போட்டவருக்கு அந்த வீட்டின் மேல் எந்த உரிமையும் கிடையாது, அவ்வளவுதான் பொய். நாமோ வீட்டையே திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, ஆளைச் சோதிக்காமல் அட்வான்ஸை அனுப்பிவிடுகிறோம்.

அதனால் எந்தச் சோதனையைச் செய்தாலும், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கேள்விகள் மூன்று. இப்படி ஒரு வீடு இருக்கிறதா? இந்த ஆளால் அதற்குள் போக முடிகிறதா? அதை வாடகைக்கு விடவோ விற்கவோ இவருக்கு உரிமை உண்டா? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காதவரை, முதல் இரண்டுக்கும் எத்தனை முறை ‘ஆம்’ வந்தாலும் பணம் கைமாறக் கூடாது.

படத்தை வைத்துத் தேடுவதா, வீடியோ காலா?

கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ விளம்பரப் படத்தைக் கொடுத்துத் தேட இரண்டு நிமிடம் போதும். அதே படம் வேறு ஊர், வேறு பெயர், வேறு வாடகையோடு வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பழைய விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்த படங்கள் இப்படித்தான் சிக்கும். ஆனால் எதுவும் வராவிட்டால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டாலோ ஓரங்களை வெட்டினாலோ தேடுபொறி தடுமாறும். அதனால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். படத்தில் எங்காவது எழுத்து இருந்தால் அதையும் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிராண்ட் பெயர் தலைகீழ் வரிசையில் தெரிந்தால், யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள்.

படத்துக்குள் பதிவாகும் தேதி, இட விவரங்களைத் தோண்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பும் பெரும்பாலான விளம்பரத் தளங்களும் அதை நீக்கிவிட்டுத்தான் படத்தைக் காட்டும், ஆகவே அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அதைவிட, படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது பலன் தரும். கூடத்துப் படத்தில் இடப்பக்கம் தெரிந்த ஜன்னல், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் வலப்பக்கம் வர வேண்டும். சுவிட்ச் போர்டு இடம் மாறுகிறதா, தரை ஓட்டின் கோடுகள் நேராகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். கணினி உருவாக்கிய படங்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் வழுக்கும்.

வீடியோ கால் ஒரு படி மேல், ஆனால் நடத்தும் விதத்தைப் பொறுத்து. அவர் சொல்லும் வரிசையில் அறை அறையாகப் பார்த்தால், பதிவு செய்த வீடியோவை நேரலை போல ஓட்டிவிட முடியும். ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளில் மெய்நிகர் கேமரா வசதியே இருக்கிறது. எனவே வரிசையை நீங்கள் சொல்லுங்கள். தெருவில் தொடங்கி, கதவு எண்ணைக் காட்டி, பூட்டைத் திறந்து, கேமராவை அணைக்காமல் உள்ளே வரச் சொல்லுங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மின் மீட்டரின் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ரசீதோடு ஒப்பிட உதவும். ‘நெட் சரியில்லை’ என்று சரியாக இந்த இடத்தில் இணைப்பு அறுந்தால் காரணம் நெட் அல்ல என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் சரியாக நடந்தாலும் கிடைப்பது இரண்டாவது கேள்விக்கான பதில் மட்டும்: அவர் கையில் இன்றைக்கு ஒரு சாவி இருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தால் போதாதா?

‘நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதே’ என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. வீட்டை இரண்டு நாளைக்குச் சுற்றுலாத் தங்கலாக எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு நாளில் வரிசையாகப் பலருக்குக் காட்டி எல்லாரிடமும் அட்வான்ஸ் வாங்கிப் போகும் ஆட்கள் உண்டு. வீடு பார்த்தாயிற்று, ஆளோடு பேசியாயிற்று, சாவிகூடக் கிடைத்தது. குடிபோகும் நாளில்தான் அதே வீட்டுக்கு இன்னும் நாலு குடும்பம் சாமானோடு வந்து நிற்கும்.

இன்னொரு வகையில் மோசடிக்காரர் வரவே மாட்டார். பராமரிப்பு நிறுவனங்கள் சில, வாடகைக்கு இருக்கும் காலி வீட்டின் வாசலில் சாவியோடு எண்பூட்டுப் பெட்டி வைத்து, பதிவு செய்பவருக்குத் திறக்கும் எண்ணை அனுப்பும். மோசடிக்காரர் தன் பேரில் பதிந்து அந்த எண்ணை வாங்கி, தன்னை ஓனர் என்று சொல்லி உங்களுக்குக் கொடுப்பார். ‘நான் வெளியூரில் இருக்கிறேன், நீங்களே திறந்து பாருங்கள்’ என்பார். பூட்டு திறக்கும்போது நமக்கு வரும் நம்பிக்கைதான் அவருடைய முதலீடு.

ஆனாலும் நேரில் போவதற்கு ஈடில்லை. அங்கே வீட்டைவிட அக்கம்பக்கம் முக்கியம். வாட்ச்மேனிடமோ எதிர்வீட்டிலோ ‘இந்த வீட்டு ஓனர் பேர் என்ன?’ என்று கேளுங்கள், பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். ‘இன்னார்தானே ஓனர்?’ என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். முடிந்தால் சொல்லாமல் இன்னொரு நேரத்தில் மறுபடி போய் வாருங்கள்.

அவர் அனுப்பும் காகிதமா, நீங்களே எடுக்கும் காகிதமா?

மூன்றாவது கேள்வி இங்கேதான் தீரும். ஒப்பீட்டில் மிகப் பெரிய இடைவெளியும் இங்கேதான்.

அவர் அனுப்பும் பிடிஎஃப் எதுவாக இருந்தாலும் அதன் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அடையாள அட்டை அசலாகவே இருக்கலாம், முன்பு ஏமாந்த யாரோ ‘சரிபார்ப்புக்காக’ அனுப்பிய அட்டையாக. இன்று நீங்கள் அனுப்பும் அட்டை நாளை இன்னொருவருக்குப் போகும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்பதை அட்டையின் குறுக்கே எழுதி அனுப்புங்கள். அவருக்கு அது எரிச்சலாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

காகிதத்தைவிட அதிலுள்ள எண்ணைக் கேட்பது நல்லது. பத்திர எண், ஆண்டு, பதிவு அலுவலகம் ஆகிய மூன்றும் கிடைத்தால், நகலைப் பதிவு அலுவலகத்திலிருந்தோ அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தோ நீங்களே எடுக்கலாம். பிறகு நான்கு இடங்களில் பெயரை ஒப்பிடுங்கள்: பதிவேட்டில் உள்ள ஓனர் பெயர், சொத்து வரி ரசீது, நேரில் காட்டும் அசல் அடையாள அட்டை, பணம் போகப்போகும் வங்கிக் கணக்கு. நான்கும் ஒரே பெயரில் இருந்தால் வாடகைக்கு அது போதும். கணக்கு மட்டும் ‘மச்சான் பேரில்’ இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். மின் ரசீதுக்கு வீட்டு எண்ணையும் மீட்டர் எண்ணையும் உறுதி செய்யும் வேலையை மட்டும் கொடுங்கள், அது பழைய குடித்தனக்காரர் பேரிலும் இருக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை கூடுதலாக உண்டு. எல்லா நாட்டிலும் பதிவு என்றால் ஒரே பொருள் இல்லை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் முறையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசு நிற்கும். மலேசியா, சிங்கப்பூர் இந்த வழியில் வருபவை. இந்தியாவில் நடப்பது பத்திரப் பதிவு: இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதை அரசு பதிகிறது, கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. முதல் முறையில் பதிவேட்டு நகல் ஒன்று பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். இரண்டாவதில் வில்லங்கச் சான்றிதழோடு மூலப்பத்திரங்களையும் வரிசையாக வழக்கறிஞர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த வழக்கறிஞர் விற்பவர் கைகாட்டியவராக இருக்கக் கூடாது.

பவர் பத்திரம் வைத்து விற்பவர் என்றால் அந்தப் பவர் ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது. வாடகையில் இதற்கு இணையானது உள்வாடகை: சாவியும் ரசீதும் இவரிடம் இருக்கும், உரிமை இருக்காது. ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்குப் போகாதீர்கள்.

தரகரா, நேரடியா?

உரிமம் கட்டாயமாக உள்ள இடங்களில் தரகர் ஒரு கூடுதல் பாதுகாப்பு, ஏனென்றால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் நிஜத் தரகரின் பெயரையும் உரிம எண்ணையும் திருடிப் போடும் விளம்பரங்களும் உண்டு. உரிம எண்ணை அரசுப் பட்டியலில் தேடி, அங்கிருக்கும் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், விளம்பரத்தில் இருப்பதற்கு அல்ல. ஸ்காட்லாந்தில் வீட்டு ஓனர்களே பதிவு செய்ய வேண்டும், அந்தப் பட்டியலை யாரும் தேடிப் பார்க்கலாம். இப்படி ஒன்று உங்கள் பகுதியில் இருந்தால் தரகர் இல்லாமலே நேரடியாகப் பேசலாம். வீடு காட்டுவதற்கு முன்பே ‘பார்வைக் கட்டணம்’, ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவர் தரகராக இருந்தாலும் ஓனராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பணம் எந்த வழியில் போகிறது?

ஏமாந்தால் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணப் பரிமாற்றம்: இவற்றை ஒப்பிடவே வேண்டாம். வீட்டுக்கு இப்படிப் பணம் கேட்பவர் மோசடிக்காரர்.

உடனடி வங்கிப் பரிமாற்றம் எல்லாருக்கும் வசதி, மோசடிக்காரருக்கும்தான். பணம் சில நொடியில் போய்ச் சேரும், அங்கிருந்து வேறு வேறு கணக்குகளுக்குச் சிதறும். அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி இருந்தால் அதை அவசரத்தில் தாண்டாதீர்கள். பிரிட்டனில் 2020 முதலும், யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதலும் வங்கிகள் பெயரை ஒப்பிட்டுச் சொல்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, சில நிபந்தனைகளோடு, 85,000 பவுண்டு வரை வங்கிகளே ஈடுகட்ட வேண்டும். இந்தப் பாதுகாப்பு எல்லா நாட்டிலும் கிடையாது. முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்க்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், கணக்கு யாருடையது என்பதை அல்ல.

கிரெடிட் கார்டு இருப்பதில் நல்லது. வீசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாளுக்குள் வங்கி மூலம் தகராறு எழுப்பலாம். ஆனால் தனி ஓனர்கள் கார்டு வாங்குவது அரிது. பேபால் என்றதும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அதன் வாங்குவோர் பாதுகாப்பில் வீடு, நிலம் சேராது. நண்பர்களுக்கு அனுப்பும் வகையில் அனுப்பினால் எதற்குமே பாதுகாப்பு இல்லை.

சுற்றுலாத் தங்கலுக்கு வீடு முன்பதிவு செய்யும் தளங்களில் பணத்தைத் தளத்துக்குள்ளேயே கட்டுவது நல்லது. ‘வெளியே கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்’ என்பது தூண்டில். அந்தத் தளத்தைப் போலவே ஒரு பக்கம் செய்து இணைப்பு அனுப்புவதும் வழக்கம். இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போனால், அந்த முன்பதிவு உங்கள் கணக்கில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்றாமவர் கையில் பணத்தை நிறுத்திவைக்கும் எஸ்க்ரோவும் அப்படித்தான்: சேவையை அவர் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய இன்னொரு பாக்கெட்.

ரொக்கம் பழைய வழி, ஆனால் நினைப்பதைவிட மோசமில்லை. ஓனர் எதிரில், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, சாவி கைக்கு வந்து, ரசீதும் எழுதியபின் கொடுத்தால் சரி. முந்தினநாள் ‘வீட்டைப் பிடித்துவைக்க’ என்று கொடுத்தால் தவறு.

வீடு வாங்குவதில் ஆபத்து கடைசி வாரத்தில் வரும். ‘தணிக்கை நடக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று வழக்கறிஞரின் மின்னஞ்சலிலிருந்தே கடிதம் வரும், ஏனென்றால் அந்த அஞ்சல்பெட்டிக்குள் வேறு ஆள் உட்கார்ந்து எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார். கணக்கு எண் மாறினால், முதல் நாளில் குறித்துவைத்த தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார்.

வீட்டை விடுபவருக்கு

இந்தப் பக்கமும் வலை உண்டு. வர இருக்கும் குடித்தனக்காரர் அட்வான்ஸைவிடப் பெரிய தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். வங்கி உங்கள் கணக்கில் தொகையைக் காட்டுவது ஒரு நாள், காசோலை போலி என்று திரும்புவது அதற்குப் பிறகு ஒரு நாள். இடையில் நீங்கள் அனுப்பியது உங்கள் பணம். அதேபோல, பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண்ணைத் தட்டத் தேவையில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது.

போய்விட்டது என்றால்

முதலில் வங்கியின் மோசடிப் பிரிவு, பிறகுதான் காவல்துறையும் விளம்பரத் தளமும். பெறும் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் முடக்க முடியும், அதற்கு மணிக்கணக்கல்ல, நிமிடக்கணக்கு. உரையாடலை அழிக்காதீர்கள், மோசடிக்காரரைத் திட்டி எச்சரிக்கையும் செய்யாதீர்கள். விளம்பரப் பக்கத்தின் முகவரி, பரிவர்த்தனை எண், கணக்கு எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விளம்பரம் மறைந்துவிடும். அடையாள அட்டை நகல் அனுப்பியிருந்தால் உங்கள் பேரில் புதிய கடனோ கணக்கோ தொடங்கியிருக்கிறதா என்று சில மாதம் பார்த்துவாருங்கள். சில நாள் கழித்து ஒருவர் கூப்பிட்டு, கட்டணம் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்பார். உங்கள் எண் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தால் அவர் யார் என்று தெரியும்.