கிராவிட்டி ஃபால்ஸும் அந்தக் கடைசி அரை நிமிடமும்

கூட வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, உங்க வீட்ல எப்பப் பாத்தாலும் ஒரு கார்ட்டூன் ஓடுதே, என் மகனுக்கும் போட்டு விடலாமா? 11 வயசு ஆகுது. அதுக்காக அந்த ஓடிடி ஆப்புக்கு வருஷ சந்தா கட்டலாமா?" போட்டு விடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். சந்தா கட்டலாமா என்று கேட்டதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கார்ட்டூன் கிராவிட்டி ஃபால்ஸ். கதையை முழுசாகச் சொல்லப் போவதில்லை. டிப்பர், மேபல் என்று இரட்டைப் பிள்ளைகள். கோடை லீவுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் காட்டுப் பக்கம், தாத்தா முறை ஆகிற ஸ்டான் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ஊரில் எதுவுமே சரியில்லை. அவ்வளவுதான். 2012 ஜூனில் டிஸ்னி சேனலில் ஆரம்பித்து 2016 பிப்ரவரியில் முடிந்தது. இரண்டே சீசன், 40 எபிசோடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே போதும் என்று நிறுத்தியவர் அதை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கதாநாயகிக்கு முதலிரவு வைக்கிற நம் சீரியல்காரர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

தம்பி மகள் லீவுக்குத் திருநகர் வந்தால் எங்கள் வீட்டில் வேறு எதுவும் ஓடாது. அவளுக்காகப் போட ஆரம்பித்து, இப்போது அவள் ஊருக்குப் போன பிறகும் நானே போட்டுப் பார்க்கிறேன். முதல் காரணம் ஸ்டான். வீட்டையே அதிசயக் கூடமாக்கி, ஒட்டுப்போட்ட பொம்மைகளைக் காட்டிச் சுற்றுலா வருகிறவர்களிடம் காசு பறிக்கிற கிழவர். தமுக்கம் பொருட்காட்சியில் உடம்பில்லாத தலை பேசுவதை டிக்கெட் வாங்கிப் பார்த்து, வெளியே வந்து ஏமாந்ததை யாரிடமும் சொல்லாமல் டெல்லி அப்பளம் தின்றவர்களுக்கு இந்த ஆளை உடனே பிடித்துப்போகும்.

இரண்டாவது காரணம் அந்த அக்கா தம்பி. ஹிர்ஷுக்கும் ஒரு இரட்டைச் சகோதரி உண்டு. மேபல் அவரை வைத்து உருவானவள்தான். முதல் சீசனின் 9-வது எபிசோடைப் பாருங்கள். திருவிழாவில் டிப்பர் எறிகிற பந்து எகிறி, அவனுக்குப் பிடித்த வெண்டியின் கண்ணில் பட்டுவிடும். காலத்தில் பின்னால் போகும் கருவி ஒன்று கையில் கிடைக்கவே, திரும்பத் திரும்பப் போய் அதைச் சரி பண்ணுவான். ஒருவழியாகச் சரியாகும்போது மேபலுக்குக் கிடைக்க வேண்டிய பன்றிக்குட்டி வேறொருத்திக்குப் போய்விடும். மேபல் மரத்தூண் ஒன்றில் தலையை முட்டிக்கொண்டு நிற்பாள். இவன் ஒரு மாதம் தள்ளி எதிர்காலத்துக்குப் போய்ப் பார்த்தாலும் அதே தூணில் முட்டிக்கொண்டுதான் இருப்பாள். அப்புறம் அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாத என் அம்மா, "அந்தப் பன்னிக்குட்டியப் போடுத்தா" என்று கேட்டு வாங்கிப் பார்க்கிற எபிசோடு அது.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்தத் தொடரில் பாதி சங்கதி எபிசோடு முடிந்த பிறகுதான் இருக்கிறது. பெயர்கள் ஓடும்போது கடைசியில் புரியாத எழுத்துகளில் ஒரு வரி வரும். அது ரகசிய எழுத்து. முதல் ஆறு எபிசோடுகளுக்கு மூன்று எழுத்து பின்னால் போய்ப் படிக்க வேண்டும்; 'இசட்' என்று இருந்தால் 'டபிள்யூ'. 7-வதிலிருந்து அகரவரிசையே தலைகீழ், 'ஏ' இருந்தால் 'இசட்'. 14-வதிலிருந்து எழுத்துக்குப் பதில் எண்கள். எதை எப்படி உடைப்பது என்பதற்குத் துப்பும் கொடுத்திருப்பார்கள்: தொடக்க இசை முடிகிற இடத்தில் யாரோ கிசுகிசுப்பார்கள், அதைப் பதிவு செய்து பின்னாலிருந்து ஓட்டிக் கேட்டால் விடை வரும்.

தம்பி மகள் இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டாள். இங்கிலீஷ் எழுத்து சலித்ததும் தமிழில் இறங்கிவிட்டாள். உயிர்க்குறியைத் தொடாமல் மெய்யை மட்டும் மூன்று தள்ளினால் மதுரை 'லமுழை' ஆகிறது. அதுவரை சிரிப்புதான். அக்னி நட்சத்திர வெயிலில் ஒருநாள் எனக்கு ரகசியச் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் கணக்குப்படி 'அத்தை' என்பது 'அம்மை' ஆகிவிடும். மற்றதெல்லாம் கிறுக்கல், அந்த முதல் வார்த்தை மட்டும் பளிச்சென்று. அம்மா பார்த்துவிட்டு, "ஏத்தா, யாருக்கு அம்மை போட்டிருக்கு?" என்று பதறி, பக்கத்து வீட்டில் வேப்பிலை ஒடித்து நிலையில் செருகி, தெப்பக்குளம் மாரியம்மனுக்கு மாவிளக்கும் நேர்ந்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தோம். ஒரு கார்ட்டூன் இதைவிட வேறு என்ன செய்ய வேண்டும்?

இப்போது எங்கள் டிவி போர்டு போய், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கொடுத்துச் சரிபண்ணி வந்திருக்கிறது. ஆப்பைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியதிலிருந்து எபிசோடு முடிந்த நொடியே படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. திரை முழுக்க 'அடுத்த எபிசோடு' என்று எண்ணிக்கை ஓடுகிறது. ரிமோட்டில் அங்கிட்டும் இங்கிட்டும் அமுக்கி 'பெயர்களைப் பார்' என்ற பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வரி வந்து போய்விடும். பின்னால் ஓட்டினால் மறுபடி அதே சுருக்கம். ஆரம்பத்தில் 'அறிமுகத்தைத் தவிர்' பொத்தான், அதை அமுக்கினால் கிசுகிசுப்பும் போச்சு. பூட்டையும் காணோம், சாவியையும் காணோம். இரண்டாவது சீசன் இன்னும் மோசம். அதில் எழுத்தை உடைக்க ஒரு திறவுச்சொல் வேண்டும், அதை எபிசோடுக்குள்ளேயே ஏதாவது ஒரு காட்சியில் ஒளித்திருப்பார்கள். நிறுத்திப் பார்க்கலாம் என்றால், நிறுத்தியதும் படம் மங்கி மேலே தலைப்பும் கீழே கோடும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நியாயமாகச் சொன்னால், மற்ற தொடருக்கு இந்த வசதி வேண்டியதுதான். நூறு எபிசோடு பார்க்கிறவருக்கு நூறு தடவை பெயர்ப் பட்டியல் எதற்கு? ஃபோனில் அதை அணைத்து வைக்க வழியும் இருக்கிறது, அணைத்தும் வைத்தேன். டிவிக்கு மட்டும் அது காது கேட்கவில்லை. உதவி மையத்தில் எழுதிக் கேட்டால் கேஷை, அதாவது ஆப் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகத் தகவலை, அழியுங்கள் என்றார்கள், அழித்தாயிற்று. மறுபடி கேட்டேன், மறுபடி அழிக்கச் சொன்னார்கள்.

தொடரிலும் குறை இருக்கிறது. இரண்டாவது சீசன் பாதிக்கு மேல் மர்மம் கனத்துச் சிரிப்பு குறைந்துவிடும். கடைசி மூன்று பாகத்தில் ஊர் ஜனங்களைக் கல்லாக்கி அடுக்கி ஒரு சிம்மாசனமே செய்து உட்கார்ந்திருப்பான் வில்லன். சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிற சமாச்சாரம் இல்லை அது. ஆனால் அதே சீசனின் நடுவில் ஸ்டானின் பழைய கதை வரும் இடம் இருக்கிறதே, அதற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஆக, நான் பார்த்த கார்ட்டூன்களில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு டிவியில் இப்போது ஓடுகிறதே, அதற்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வரவில்லை. சந்தா கட்டாதே. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டு.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வா. லேப்டாப்பை டிவியில் மாட்டிப் போடுகிறேன். மௌஸ் கையில் இருந்தால் அந்தப் பெட்டியைச் சட்டென்று அமுக்கிவிடலாம். நோட்டும் பென்சிலும் எடுத்து வரச் சொல். முதல் எபிசோடு மூன்று எழுத்துக் கணக்குதான், அவனே உடைத்துவிடுவான்.