யு.பி.எஸ். பேட்டரியும் ஒன்றரை மில்லிமீட்டரும்

போன வாரம் நண்பன் போனில் கேட்டான். "உங்க வீட்டு யு.பி.எஸ். எட்டு வருஷமா ஓடுதே, அதே மாடல் வாங்கலாமாடா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். நான் சொன்ன காரணங்களில் பாதி அதைப் புகழ்வது மாதிரி இருந்ததால் குழம்பிப் போய் வைத்துவிட்டான். அவனுக்காகத்தான் இது.

அது தாங்கும் லோடு 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்), உள்ளே ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, கொள்ளளவு 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி). 2017-ல் வாங்கியது. கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூன்றும் அதில்தான். போர்டு ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. கரண்ட் போனால் உள்ளே ரிலே 'டக்' என்று விழும், அவ்வளவுதான். என் கோபமெல்லாம் பேட்டரிக்குப் போகும் இரண்டு வயர்களின் நுனி மேல்.

முதல் பேட்டரி மூன்று வருடம் ஓடியது. இந்த வகை பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். எங்கள் மாடி அறையில் மே மாதம் என்ன வெயில் அடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை 2022 கடைசியில் கடைக்காரரே வந்து மாற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் கரண்ட் போனால் யு.பி.எஸ். ஒரு முறை கத்திவிட்டு அணைய ஆரம்பித்தது. பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போடணும் என்றார் அதே கடைக்காரர். வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.9 வோல்ட் காட்டியது, நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி காட்டும் அளவு. சரி, திறந்து பார்ப்போம் என்று மூடியைக் கழற்றினேன். பிளாஸ்டிக் கருகிய வாடை. நெகட்டிவ் வயரின் லக் (பேட்டரித் தகட்டில் செருகும் உலோக நுனி) மேல் இருந்த ஸ்லீவ் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பேட்டரியின் தலையில் நிற்கும் டெர்மினல் தகடு இரண்டு அகலத்தில் வருகிறது: எஃப்1 என்றால் 4.75 மில்லிமீட்டர், எஃப்2 என்றால் 6.35. என் யு.பி.எஸ்.ஸின் லக் பெரிய தகட்டுக்கானது. கடைக்காரர் கொண்டுவந்த பேட்டரியில் இருந்ததோ சின்னது. பெரிய லக் சின்னத் தகட்டில் ஏறும், ஆனால் ஆடும். அவர் கட்டிங் பிளையரால் இரண்டு பக்கமும் ஒரு நசுக்கு நசுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட் இழுத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 20 ஆம்பியர் வெளியே வர வேண்டும். தளர்ந்த இணைப்பில் 0.01 ஓம் தடை கூடினாலே அந்த நுனியில் 4 வாட் சூடு. சூட்டில் தகடு கறுக்கும், தடை ஏறும், இன்னும் சூடாகும். சும்மா இருக்கும்போது மீட்டர் 12.9 காட்டும், லோடு ஏறினதும் வோல்டேஜ் பொத்தென்று விழும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து யு.பி.எஸ். அணைந்துவிடும். பேட்டரி மேல் ஒரு குற்றமும் இல்லை.

பட்டறை வைத்திருக்கும் ஒருவர் சால்டர், அதாவது ஈயப்பற்று, வைக்கச் சொன்னார். பேட்டரி தகட்டில் சூட்டுக்கோலை வைத்தால் அடியில் இருக்கும் சீல் போய்விடும். வயர் நுனியில் வைத்தாலும் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துப்போய், அது முடியும் இடத்தில் ஒரு நாள் முறியும். அதனால் பழைய லக்குகளை வெட்டிவிட்டுச் சின்னத் தகட்டுக்கான லக் போட, 850 ரூபாய் கொடுத்து ராட்செட் கிரிம்பிங் டூல் (லக்கை வயரோடு நசுக்கிப் பிணைக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். இரண்டு லக் போட இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த டூல் இருக்கிறதே! தாடையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று புள்ளிகள்; லக்கின் ஸ்லீவ் நிறத்துக்கு அதே நிறப் பள்ளம். என் வயருக்கு நீலம், அதாவது 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் வரை. அழுத்த ஆரம்பித்தால் முழுதாக அழுத்தி முடிக்கும்வரை வாயைத் திறக்காது. பாதியில் கை ஓய்ந்தாலும் விடாது. செம்பு இழைகளும் லக்கும் ஒரே கட்டியாகிவிடும். முடித்ததும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அன்றைக்கு வீட்டில் கிடந்த துண்டு வயருக்கெல்லாம் லக் போட்டுத் தீர்த்தேன்.

'செத்துப்போன' பேட்டரி அப்புறம் இரண்டு வருடம் உழைத்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 2025-ல் நான்காவது பேட்டரி வாங்கி வந்து பார்த்தால் அதில் எஃப்2 தகடு! நான் ஆசையாகப் போட்ட சின்ன லக் அதில் ஏறவே ஏறாது. பெட்டியின் மேல் எந்தத் தகடு என்று ஓர் எழுத்துகூட இல்லை. மறுபடியும் வெட்டினேன், மறுபடியும் பெரிய லக். ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் வயர் போகிறது. கம்பெனிக்காரன் கொடுத்ததே அளந்து கொடுத்த மாதிரி நீளம். இப்போது பேட்டரியை உள்ளே தள்ளினால் வயர் இரண்டு விரற்கடை எட்டவில்லை. பட் லக் (இரண்டு வயர் நுனிகளை இணைக்கும் குழாய்) வைத்து நான்கு அங்குலம் ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு இணைப்பு தொல்லை கொடுக்கிறது என்று ஆரம்பித்து இப்போது வயருக்கு இரண்டு இணைப்பு.

இன்னும் ஒரு சாண் வயர் வைத்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? எட்டு வருடம் கெடாத போர்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? அந்த ஆத்திரத்தில்தான் நண்பனிடம் வேண்டாம் என்றேன். இன்று காலையில் கூப்பிட்டு, வேறொன்று வாங்கிவிட்டதாகச் சொன்னான். அதன் பேட்டரியில் எந்தத் தகடு என்று கேட்டேன். "என்ன தகடு?" என்றான்.

என் யு.பி.எஸ். மூடியின் உட்புறம் 4.8 லக் நான்கும் 6.3 லக் நான்கும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.